லேபிள் இல்லாத ஸ்காட்டிஷ் இண்டி ராக் குழு உள்ளூரில் ரசிகர்களைச் சேர்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கு பேர், சொந்தப் பாடல்கள், லேபிள் (இசை வெளியீட்டு நிறுவனம்) ஒப்பந்தம் கிடையாது, மேனேஜரும் கிடையாது. கிளாஸ்கோ, எடின்பரோ, டண்டீ, அல்லது அவற்றைச் சுற்றியுள்ள சிறு ஊர் ஒன்றிலிருந்து கிளம்பும் அப்படியொரு குழுவுக்கான பக்கம் இது. கீழே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கும் செலவுத் தொகைகள் எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊர்க் கூடத்தில் விசாரித்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் நிகழ்ச்சியை கிளாஸ்கோவில் வைக்கலாமா, சொந்த ஊரிலா?

சொந்த ஊரில். கிளாஸ்கோவில் எந்த வாரநாளிலும் நாலைந்து இடங்களில் இண்டி குழுக்கள் வாசித்துக்கொண்டிருக்கும். பெயர் தெரியாத ஐந்தாவது குழுவைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். சிறு ஊரில் உங்களோடு படித்தவர்கள், அவர்களுடைய அண்ணன் தம்பிகள், வேலையிடத்து ஆட்கள் என்று ஐம்பது பேரைச் சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம்.

ஸ்காட்லாந்தில் பெரிதாக வந்த பல குழுக்கள் நகரத்துக்கு வெளியே பிறந்தவை. பிஃபி கிளைரோ கில்மார்னக் ஊர்க்குழு. தி ஸ்னட்ஸ் மேற்கு லோதியனில் உள்ள விட்பர்னிலிருந்து வந்தது. 2021-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டிஷ் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஊர்ப்பற்று அங்கே பலமானது. "எங்க ஊர்ப் பசங்க" என்ற எண்ணம் ஒருமுறை விழுந்துவிட்டால், கிளாஸ்கோவில் நீங்கள் வாசிக்கும் நாளில் ஊரிலிருந்தே கூட்டம் கிளம்பி வரும். அதற்காகப் பேருந்து வாடகைக்கு எடுக்கும் குழுக்கள் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு இருக்கையைக் கொடுங்கள். "கண்டிப்பா வர்றேன்" என்பவர்களை நம்பி 49 இருக்கைப் பேருந்தைப் பேசினால், காலி இருக்கைகளுக்கான காசு குழுவின் தலையில் விழும்.

எந்த அளவுக் கூடத்திலிருந்து எந்த அளவுக்குப் போக வேண்டும்?

கிளாஸ்கோவில் ஏணி ஏறக்குறைய இப்படி: கிரேட் வெஸ்டர்ன் சாலையில் உள்ள தி ஹக் அண்ட் பைன்ட் போன்ற நூறு சொச்சம் பேர் நிற்கும் கூடங்கள், சாக்கிஹால் தெருவில் நைஸ் அன் ஸ்லீஸி, பிராட்காஸ்ட், பிறகு செயின்ட் வின்சென்ட் தெருவில் 300 பேர் கொள்ளும் கிங் டட்ஸ், ஆரன் மோர், தி கராஜ், அதற்கு மேல் ஏறத்தாழ 1,900 பேர் கொள்ளும் பாரோலேண்ட். எடின்பரோவில் கௌகேட் தெருவின் ஸ்னீக்கி பீட்ஸ் சுமார் நூறு பேருக்கான இடம்; நல்ல தொடக்கக் கூடம்.

பொறுமை வேண்டிய இடம் இதுதான். நூறு பேர் கூடத்தில் தொண்ணூறு பேர் இருந்தால் அது நிரம்பிய கூடம். அதே தொண்ணூறு பேர் கிங் டட்ஸில் நின்றால் பின்பாதி வெறிச்சோடித் தெரியும். வந்தவர்கள் மறுநாள் நண்பர்களிடம் சொல்வதும் அதற்கேற்ப மாறும்: "டிக்கெட்டே கிடைக்கல" என்பது ஒரு செய்தி, "கூட்டம் இல்ல" என்பது இன்னொரு செய்தி. ஒரே அளவுக் கூடத்தை இரண்டு முறை, முன்பதிவிலேயே, நண்பர்களின் இலவச அனுமதியைக் கணக்கில் சேர்க்காமல் நிரப்பிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

கிங் டட்ஸ் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 1990-இல் திறந்த இடம். 1993 மே 31 அன்று, பிறகு பெரும்புகழ் பெற்ற ஓயஸிஸ் குழுவை கிரியேஷன் ரெக்கார்ட்ஸ் லேபிளின் தலைவர் ஆலன் மெகீ பார்த்தது இங்கேதான். அங்கே வாசித்த குழுக்களின் பெயர்கள் ஆண்டுவாரியாகப் படிக்கட்டில் எழுதப்பட்டிருக்கும். இளம் ஸ்காட்டிஷ் குழுக்களுக்காக ஜனவரியில் நியூ இயர்ஸ் ரெவல்யூஷன், கோடையில் சம்மர் நைட்ஸ் என இரண்டு வரிசை நிகழ்ச்சிகள் நடத்துகிறார்கள். அந்த மேடையில் முதன்முதலாக ஏற அவையே சரியான வழி. ஒரே இரவில் பல குழுக்கள் இருப்பதால், 300 பேரையும் நீங்கள் ஒருவரே கொண்டுவர வேண்டிய சுமை இல்லை.

புரமோட்டருக்கு (நிகழ்ச்சி ஏற்பாட்டாளருக்கு) எழுதும்போது என்ன எழுதுவது?

குறைவாக எழுதுங்கள். ஊர், எந்த மாதிரி இசை என்று ஒரு வரி, இரண்டு பாடல்களுக்கான இணைப்பு, ஒரு நேரடி மேடைக் காணொளி, கடைசியாக வாசித்த இரண்டு மூன்று இடங்கள், அங்கே விற்ற டிக்கெட் எண்ணிக்கை, உங்களால் முடியும் தேதிகள். பாட்டுக் கோப்புகளை மின்னஞ்சலோடு இணைத்து அனுப்ப வேண்டாம். பெரிய இணைப்பு வந்தால் பலர் திறப்பதே இல்லை.

டிக்கெட் எண்ணிக்கையில் பொய் சொல்லக் கூடாது. ஸ்காட்லாந்தின் சிறு கூட உலகம் சிறியது. புரமோட்டர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். "டண்டீயில் 45 டிக்கெட், கிளாஸ்கோவில் இதுவே முதல்முறை" என்று எழுதினால், உங்களை எங்கே பொருத்துவது என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல். அதன்பிறகு அவர் நடத்தும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கிப் போய், முடிந்ததும் நேரில் இரண்டு வார்த்தை பேசுங்கள். மின்னஞ்சலைவிட இது அதிகம் பலிக்கும்.

வாசலில் "யாரைப் பார்க்க வந்தீர்கள்?" என்று ஏன் கேட்கிறார்கள்?

மூன்று நான்கு குழுக்கள் வாசிக்கும் இரவில், எந்தக் குழு எத்தனை பேரைக் கூட்டி வந்தது என்று தாளில் கோடு போட்டு எண்ணுவார்கள். அடுத்த முறை உங்களைக் கூப்பிடலாமா என்பதும், சில இடங்களில் அன்றைய சம்பளமும் அந்தக் கோடுகளைப் பொறுத்தவை. உங்கள் ஆட்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். "எல்லாரையும் பார்க்கத்தான்" என்று நல்லெண்ணத்தோடு பதில் சொன்னால் அந்த டிக்கெட் யார் கணக்கிலும் சேராது. டிக்கெட் இணையத்தில் விற்றால், குழுவாரியாகத் தனி இணைப்பு தரச் சொல்லிக் கேளுங்கள்.

"50 டிக்கெட் தருகிறேன், விற்றுக் கொடுத்தால் மேடை" என்கிறார் ஒருவர். ஒப்புக்கொள்ளலாமா?

விற்காத டிக்கெட்டுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது காசு கொடுத்து வாசிப்பது; இசைக்கலைஞர் சங்கமான மியூசிஷியன்ஸ் யூனியன் வெளிப்படையாக எதிர்க்கும் முறை. முன்பணம் கட்டச் சொல்வது, "முதல் 25 டிக்கெட்டுக்கு உங்களுக்கு எதுவும் இல்லை" என்பது, ஒரே இரவில் ஆறேழு குழுக்களை அடுக்குவது ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் கட்டாயம் விலகுங்கள். அங்கே ஒவ்வொரு குழுவின் நண்பர்களும் தங்கள் குழு முடிந்ததும் வெளியே போய்விடுவார்கள். புதிதாக ஒரு ரசிகரும் கிடைக்கமாட்டார்.

விற்காததைத் திருப்பித் தரலாம், விற்ற ஒவ்வொன்றிலும் உங்களுக்குப் பங்கு உண்டு என்றால் அது வேறு கதை. தொடக்கத்தில் செய்யத் தக்கதுதான். பார்வையாளர் கைதட்டலை வைத்து வெற்றியாளரைத் தீர்மானிக்கும் குழுப் போட்டிகளையும் தவிர்க்கலாம். அதிக உறவினர்களைக் கூட்டி வந்தவரே அங்கே ஜெயிப்பார்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை வாசிக்கலாம்?

ஒரே நகரில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நீங்களே முதன்மைக் குழுவாக இருக்கும் நிகழ்ச்சி என்றால் ஆண்டுக்கு இரண்டு, மூன்று. வாரா வாரம் வாசித்தால் நண்பர்கள் "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று ஒத்திப்போடுவார்கள். ஆறாவது வாரம் எவருமே இருக்கமாட்டார்கள். ஒப்பந்தத்தில் சில புரமோட்டர்கள் "முன்னும் பின்னும் இத்தனை வாரத்துக்கு இந்த நகரில் வேறெங்கும் வாசிக்கக் கூடாது" என்று எழுதுவதும் இதனால்தான். அந்த வரியைப் படிக்காமல் ஒப்புக்கொண்டு, அதே மாதம் நண்பரின் இலவச நிகழ்ச்சியில் ஏறினால் டிக்கெட் விற்பனை அடிவாங்கும், உறவும் கெடும்.

அந்த நகரில் வாசிக்காத வாரங்களில் ஊர் மாற்றி மாற்றி வாசியுங்கள்: டன்ஃபர்ம்லின், ஸ்டர்லிங், பெய்ஸ்லி, கில்மார்னக். ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் ஊர்கள் ஸ்காட்லாந்தின் நடுப்பகுதியில் ஏராளம்.

தேதியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதலில் தவிர்க்க வேண்டியவை. ஜூலை பிற்பாதியில் கிளாஸ்கோ ஃபேர் விடுமுறை. பாதி ஊர் வெளியூரில் இருக்கும். ஆகஸ்ட் முழுக்க எடின்பரோவில் ஃபிரிஞ்ச் விழா. கூடங்கள் நாடகத்துக்கும் நகைச்சுவைக்கும் போய்விடும், தங்குமிட வாடகை எகிறும், தெருவில் வண்டியை நிறுத்தி டிரம்ஸ் இறக்கவே திண்டாட வேண்டும். கிளாஸ்கோவின் பரம எதிரிக் கால்பந்து அணிகளான செல்டிக், ரேஞ்சர்ஸ் மோதும் நாளிலும் வைக்க வேண்டாம். பல்கலைக்கழகத் தேர்வு வாரங்களும் அப்படியே. செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரை, பிறகு பிப்ரவரி, மார்ச்: மாணவர்கள் ஊரில் இருக்கும் இந்த மாதங்கள் நல்லவை.

அடுத்து, கடைசி ரயில். இதைப் பலரும் யோசிப்பதே இல்லை, ஆனால் உள்ளூர்க் கூட்டம் கட்டுவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கிளாஸ்கோ சென்ட்ரலிலிருந்து அயர்ஷர், லானார்க்ஷர் பக்கம் போகும் கடைசி ரயில்கள் இரவு 11 மணியை ஒட்டியும் அதற்குச் சற்றுப் பிறகும் கிளம்பும். எடின்பரோவுக்கு குயின் தெரு நிலையத்திலிருந்து 11.30 வாக்கில். உங்கள் ஆட்கள் அந்தத் தடங்களில் வசிப்பவர்கள் என்றால், 10.15-க்கு மேடையேறினால் கடைசி இரண்டு பாட்டுக்கு முன்பே கூட்டம் கரையத் தொடங்கும். வாசல் 7 மணி, முதல் குழு 7.30, முதன்மைக் குழு 9.15, முடிவு 10.05 என்று வைத்தால் அனைவரும் இருந்து பார்த்து, ஒரு டி-ஷர்ட்டும் வாங்கிக்கொண்டு நிலையத்துக்கு நடப்பார்கள். மேடை நேரங்களை நிகழ்ச்சி நாள் காலையிலேயே வெளியிடுங்கள். ரயில் நிறுவனமான ஸ்காட்ரெய்லில் வேலைநிறுத்தமோ பாதைப் பராமரிப்போ இருக்கிறதா என்று தேதியை உறுதிசெய்யும் முன்பும், நிகழ்ச்சிக்கு முந்தைய வாரமும் பார்த்துவிடுங்கள்.

வெள்ளி, சனிக்கிழமைகளில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. பல கூடங்கள் இரவு நடன கிளப்பாக மாறுவதால் 10 மணிக்கே மேடையைக் காலிசெய்யச் சொல்வார்கள். நேரம் தவறினால் வெட்டு விழுவது உங்கள் கடைசிப் பாட்டுக்கு.

நாங்களே கூடம் எடுத்து நடத்தினால் கணக்கு எப்படி வரும்?

நூறு பேர் கூடம், டிக்கெட் 8 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வாடகை 120, சவுண்ட் இன்ஜினியர் 100, வாசலில் நிற்பவருக்கு 50, உங்களுக்கு முன் வாசிக்கும் இரண்டு முன்குழுக்களுக்குத் தலா 50, போஸ்டரும் இணைய விளம்பரமும் 40. மொத்தம் 410 பவுண்டு. 52 டிக்கெட் விற்றால் கைக்கடி இல்லை. 80 விற்றால் 640 வரவு, 230 மிச்சம். அந்த 80 பேரில் 15 பேரை இலவசமாக உள்ளே விட்டிருந்தால் மிச்சம் 110 ஆகச் சுருங்கிவிடும். இலவசப் பட்டியலை ஆளுக்கு ஒருவர் என்று கட்டிவையுங்கள். அம்மா அப்பா கூட டிக்கெட் வாங்கட்டும், மகிழ்ச்சியோடு வாங்குவார்கள்.

முன்குழுக்களுக்குப் பணம் கொடுக்காமல் விடாதீர்கள். இரண்டையும் வெவ்வேறு ஊரிலிருந்து எடுங்கள்: ஒன்று இருபது முப்பது பேரைக் கூட்டிவரும் உள்ளூர்க் குழு, மற்றொன்று பிறகு தன் ஊரில் உங்களுக்கு மேடை தரக்கூடிய வெளியூர்க் குழு. அபர்தீன் குழுவை கிளாஸ்கோவுக்கு அழைத்தால், அபர்தீன் உங்களுக்குத் திறக்கும்.

12 வாரத்துக்கு முன் கூடத்தைப் பதிவுசெய்து, 8 வாரத்துக்கு முன் அறிவித்து அன்றே டிக்கெட்டைத் திறக்க வேண்டும். பாதிக்கு மேல் விற்பனை கடைசிப் பத்து நாளில்தான் வரும். நடுவில் தேக்கம் வந்தால் பதறி விலையைக் குறைக்காதீர்கள், முதலில் வாங்கியவர்கள் ஏமாந்ததாக நினைப்பார்கள். போஸ்டரைக் கண்ட சுவரில் ஒட்டினால் மாநகராட்சி அகற்றும், அபராதமும் வரலாம். இசைத்தட்டுக் கடைகள், காபிக் கடைகள், ஒத்திகைக் கூடங்கள் ஆகியவற்றில் கேட்டு ஒட்டுங்கள். கிளாஸ்கோவில் மோனோ என்ற இடத்துக்குள் இருக்கும் மோனோரெயில் மியூசிக் போன்ற கடையில் ஒரு போஸ்டர் இருந்தால், அதைப் பார்ப்பவர்கள் எல்லோருமே இசைக்காக வந்தவர்கள்.

மேடைக்கு எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும்?

டிரம் கூடுகள், பேஸ் கேபினெட், கிட்டார் கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டிகள்) ஆகியவை பொதுவாகக் கூடத்திலோ முதன்மைக் குழுவிடமோ இருக்கும், பகிர்ந்துகொள்வார்கள். ஸ்னேர், சிம்பல்கள், கிக் பெடல், டிரம் இருக்கை, ஆம்ப் ஹெட் (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பெட்டி), கிட்டார்கள், பெடல்கள் உங்களுடையவை. இரண்டு வாரத்துக்கு முன்பே யார் எதைக் கொண்டுவருகிறார்கள் என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள். நான்கு குழுக்கள் நான்கு பேஸ் கேபினெட்டோடு வந்து, டிரம் இருக்கை மட்டும் ஒருவரிடமும் இல்லாத இரவுகள் நிறைய.

அடுத்தவர் கேபினெட்டில் உங்கள் ஹெட்டைச் செருகும்போது இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஓம் அளவு (ஸ்பீக்கரின் மின்தடை): கேபினெட் 8 ஓம் என்றால் வால்வ் ஹெட்டிலும் 8 ஓம் துளையில் செருகுங்கள். இரண்டு, ஹெட்டுக்கும் கேபினெட்டுக்கும் நடுவில் ஸ்பீக்கர் கேபிள்தான் போக வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் கிட்டார் கேபிளின் உட்கம்பி மெல்லியது; சூடேறும், நடுவில் அறுந்தால் சுமையில்லாமல் ஓடும் வால்வ் ஆம்ப்பின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரியக்கூடும். எரிந்தால் சிறு குழுவின் பல நிகழ்ச்சிச் சம்பளம் அதோடு போச்சு.

பையில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு செட் கம்பிகள், உபரி கிட்டார் கேபிள் இரண்டு, ஸ்பீக்கர் கேபிள் ஒன்று, கெட்டிலில் வருவது போன்ற மின்கம்பி இரண்டு, நான்கு துளை நீட்டிப்புப் பலகை, 13 ஆம்பியர், 5 ஆம்பியர், 3 ஆம்பியர் ஃபியூஸ்கள், 9 வோல்ட் பேட்டரி, துணி டேப், டார்ச், டிரம் சாவி. டிரம்ஸுக்குக் கீழே விரிக்க ஒரு பழைய கம்பளம். அது இல்லாவிட்டால் மரமேடையில் ஒவ்வொரு உதைக்கும் கிக் டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும்.

பெடல்களிலிருந்து "ங்ஙீ" என்று மெல்லிய இரைச்சல் வந்தால், பெரும்பாலும் ஒரே அடாப்டரிலிருந்து டிஜிட்டல் பெடலுக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கும் சங்கிலியாக மின்சாரம் எடுத்திருப்பீர்கள். ஒவ்வொரு துளையும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட பவர் சப்ளை வாங்கினால் தீரும்.

பாடுவது கேட்கவே இல்லை என்கிறார்கள். ஏன்?

நூறு பேர் கூடத்தில் டிரம்ஸும் ஆம்ப்புகளும் மேடையிலிருந்தே அறையை நிரப்பிவிடும். கூடத்து ஸ்பீக்கர்கள் வழியாகப் போவது பெரும்பாலும் குரலும் கிக் டிரமும் மட்டும். கிட்டார் ஆம்ப் கூடினால் இன்ஜினியரால் குரலை அதற்கு மேல் தூக்க முடியாது. தூக்கினால் மைக் ஊளையிடும். குறையை மேடையிலேயே சரிசெய்ய வேண்டும். ஆம்ப்பை நாற்காலி மீது வைத்தோ சாய்த்தோ உங்கள் காதை நோக்கித் திருப்புங்கள். முழங்காலுக்கு அடிக்கும் ஆம்ப்பைத்தான் நாம் "கேட்கல" என்று ஏற்றிக்கொண்டே போகிறோம்; முன்வரிசையில் நிற்பவரின் முகத்தில் அது அறைகிறது. இரண்டு கிட்டார்களும் ஒரே அலைவரிசையில் மோதாதபடி ஒருவர் பேஸையும், குரலோடு மோதும் நடு ஒலியையும் குறைத்தால் பாடகருக்கு இடம் கிடைக்கும். பாடகர் மைக்கின் தலையைக் கையால் மூடிப் பிடிக்கக் கூடாது. அதுவும் ஊளைக்குக் காரணம்.

சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கும்: முதன்மைக் குழு முதலில், தொடக்கக் குழு கடைசியில். அப்போதுதான் கடைசியாகச் சரிபார்த்தவரின் பொருள்கள் மேடையில் அப்படியே இருக்கும். தொடக்கக் குழுவுக்கு நேரம் சுருங்கி, ஒரு பாட்டு வாசிக்க மட்டும் வாய்ப்பு கிடைப்பதுண்டு. அந்த ஒன்று உங்களிடம் உள்ளதிலேயே அதிகக் குரல்களும் அதிகச் சத்தமும் உள்ள பாட்டாக இருக்கட்டும். மேடையில் யார் எங்கே நிற்பார், எத்தனை மைக், எத்தனை டி.ஐ. பெட்டி (கருவியை நேரடியாக மிக்சரில் இணைக்கும் பெட்டி) என்று ஒரு பக்கத்தில் வரைந்து முந்தின நாளே அனுப்புங்கள். இன்ஜினியரின் பெயரைத் தெரிந்துகொண்டு, மேடையிலிருந்து நன்றி சொல்லுங்கள்.

முன்குழுவாக ஏறும்போது எத்தனை பாட்டு?

அரைமணி நேரத்துக்கு ஆறு அல்லது ஏழு. 30 நிமிடம் கொடுத்தால் 27-இல் முடியுங்கள். வலுவான பாட்டில் தொடங்கி, அதைவிட வலுவானதில் முடிக்க வேண்டும். புதியதை நடுவில் வையுங்கள். பாட்டுக்கு நடுவே ஒவ்வொருவராக ட்யூன் செய்யும் மௌனம் கூட்டத்தை பாருக்கு அனுப்பிவிடும். ட்யூனர் பெடலில் ஒலியை அடக்கிக்கொண்டு ஒருவர் சரிசெய்யும்போது டிரம்மர் அடித்துக்கொண்டிருக்கட்டும். குழுவின் பெயரை இரண்டு முறை சொல்லுங்கள்: இரண்டாவது பாட்டு முடிந்ததும், கடைசிப் பாட்டுக்கு முன்பும்.

ஸ்காட்டிஷ் கூட்டம் சூடேறினால் "ஹியர் வீ, ஹியர் வீ" என்று கோரஸாக முழங்கும். அது உங்களுக்குக் கிடைத்த பரிசு. குறுக்கே பேசாதீர்கள், டிரம்மர் அந்தத் தாளத்தை எடுத்துக்கொள்ள, ஏழெட்டு நொடி ஓடவிட்டு, அதன் உச்சத்தில் அடுத்த பாட்டுக்குள் இறங்குங்கள். ஒத்திகையிலேயே இதற்கு ஒரு சைகையை முடிவுசெய்து வைக்கலாம்.

எங்கள் ரசிகர்களில் பலர் 18 வயதுக்குக் கீழ். உள்ளே விடுவார்களா?

கூடத்தைப் பொறுத்தது. 2005-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து மதுபான உரிமச் சட்டப்படி, 16 வயதுக்குக் கீழுள்ள சிறுவர்களும் 16, 17 வயதினரும் எந்த நேரம்வரை, எந்தப் பகுதியில் இருக்கலாம் என்று ஒவ்வொரு கூடமும் தன் செயல்திட்டத்தில் எழுதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதனால் ஒரு கூடத்தில் 14 வயதிலிருந்து அனுமதி, பக்கத்துக் கூடத்தில் 18. டிக்கெட் விற்பனை தொடங்கும் முன் கேட்டு, போஸ்டரிலேயே வயதைப் போடுங்கள். குழுவிலேயே 17 வயதினர் இருந்தால் அதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். சில இடங்களில் வாசித்து முடித்ததும் வெளியேறச் சொல்வார்கள். பள்ளி வயது ரசிகர்கள் நிறைய இருந்தால் சனிக்கிழமை மதிய நிகழ்ச்சி அருமையான வழி. அவர்களைப் போல உண்மையாகப் பின்தொடர்பவர்கள் வேறு யாரும் இல்லை.

பாட்டைப் பதிவுசெய்து எங்கே அனுப்புவது?

ஆல்பம் வேண்டாம். மூன்று பாட்டைப் பதிவுசெய்து, ஆறேழு வார இடைவெளியில் ஒவ்வொன்றாக வெளியிடுங்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அருகில் ஒரு நிகழ்ச்சி இருக்கட்டும். டிரம்ஸுக்கு நல்ல அறையும் நல்ல மைக்குகளும் உள்ள ஸ்டுடியோவில் ஒரு நாள் எடுத்து மூன்றுக்கும் முடித்துக்கொண்டு, கிட்டாரையும் குரலையும் வீட்டில் பதிவுசெய்தால் செலவு பாதியாகும். டிரம் தோல்களை இரண்டு நாள் முன்பே மாற்றுங்கள். ஸ்டுடியோவில் போய் மாற்றினால் புதுத்தோல் நெகிழ்ந்துகொண்டே இருந்து, ட்யூனிங்கிலேயே காலைப்பொழுது கரைந்துவிடும்.

பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் சேர்க்கும் விநியோக நிறுவனத்திடம் நான்கு வாரம் முன்பே ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவுக்கு வெளியீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு விண்ணப்பித்தால்தான் உங்களைப் பின்தொடர்பவர்களின் ரிலீஸ் ரேடார் என்ற புதுப்பாட்டுப் பட்டியலில் நீங்கள் தேர்ந்த பாட்டு வரும். 2007-இல் தொடங்கிய பிபிசி இன்ட்ரொடியூசிங்குக்குத் தனிப் பதிவேற்றப் பக்கம் உண்டு; லேபிள் இல்லாத, இன்னும் அறியப்படாத கலைஞர்களுக்காக நடக்கும் வானொலித் திட்டம். அங்கே உங்கள் அஞ்சல் குறியீட்டைச் சரியாகக் கொடுப்பது முக்கியம், அந்தப் பகுதிக்கான குழுவிடம்தான் பாட்டு போகும். கெட்ட வார்த்தை இருந்தால் அது நீக்கிய வானொலிப் பதிப்பை ஏற்றுங்கள். இலவச மாத இதழான தி ஸ்கின்னி போன்றவற்றுக்கு, அச்சுக்கான அவகாசத்தைக் கணக்கிட்டு ஒன்றரை மாதம் முன்பே எழுத வேண்டும்.

பி.ஆர்.எஸ்., பி.பி.எல். இரண்டிலும் சேர வேண்டுமா?

ஆமாம். இரண்டும் இசைக்கான உரிமைத்தொகையை வசூலித்துத் தரும் அமைப்புகள், ஆனால் வேறு வேறு. பாட்டை எழுதியவருக்கு, அது மேடையிலோ வானொலியிலோ ஒலிக்கும்போது வரும் தொகை பி.ஆர்.எஸ். வழியாக. பதிவில் வாசித்தவருக்கும் பதிவின் உரிமையாளருக்கும் வரும் தொகை பி.பி.எல். வழியாக, அதில் சேரக் கட்டணம் இல்லை. எழுதியவர்களின் பங்கு கூட்டினால் நூறு சதவீதம் வர வேண்டும். இருவர் தனித்தனியாகப் பதிவுசெய்து கணக்கு இடித்தால் பணம் முடங்கும். நிகழ்ச்சி முடிந்த அன்றிரவே வாசித்த பாட்டுப் பட்டியலை பி.ஆர்.எஸ்.ஸில் ஏற்றிவிடுங்கள். சிறு கூடங்களில் வாசித்த உங்கள் சொந்தப் பாடல்களுக்கும் பணம் உண்டு, கேட்காதவருக்கு வராது.

டி-ஷர்ட் அடிக்கலாமா?

எழுபது எண்பது பேர் வரத் தொடங்கியதும் அடியுங்கள். 50 சட்டை, தலா 8 பவுண்டு அடக்கம் என்றால் 400. 20 பவுண்டுக்கு விற்றால் இருபதாவது சட்டையில் போட்ட பணம் வந்துவிடும். சிறியது 8, நடுத்தரம் 15, பெரியது 15, அதற்கடுத்தது 9, மிகப் பெரியது 3 என்று எடுக்கலாம். கறுப்புத்தான் விற்கும். கார்டு வாங்கும் சிறு கருவி கட்டாயம். சம்அப் போன்றவற்றில் கட்டணம் 1.69 சதவீதம், அதாவது 20 பவுண்டுக்கு சுமார் 34 பென்ஸ். விற்பனையில் கூடம் பங்கு கேட்குமா என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பங்கு கேட்காத கூடங்களின் பட்டியலை, கலைஞர்களின் அமைப்பான ஃபீச்சர்டு ஆர்ட்டிஸ்ட்ஸ் கோயலிஷன் 2022 முதல் வெளியிடுகிறது.

அதே மேசையில் மின்னஞ்சல் முகவரி சேகரிக்க ஒரு கியூ.ஆர். அட்டை வையுங்கள். சமூக ஊடகத்தில் நீங்கள் போடுவது பின்தொடர்பவர்களில் ஒரு சிறு பகுதிக்கே போய்ச் சேரும். மின்னஞ்சல் எல்லோருக்கும் போகும். அஞ்சல் குறியீட்டின் முதல் பகுதியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த நிகழ்ச்சியை எந்த ஊரில் வைப்பது என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

ஸ்காட்டிஷ் உச்சரிப்பில் பாட வேண்டுமா?

பேசுவது போலப் பாடுங்கள். தி புரொக்ளெய்மர்ஸ், ஃபிரைட்டன்ட் ராபிட், தி ட்வைலைட் சாட் எல்லாரும் தங்கள் ஊர்க்குரலிலேயே பாடி வெளிநாடுகள்வரை போனவர்கள். அமெரிக்க உச்சரிப்பைப் போட்டுக்கொண்டால் கிளாஸ்கோ கூட்டத்துக்கு ஒரு வரியில் தெரிந்துவிடும்.

வடக்கே போய் வாசிப்பது கட்டுப்படியாகுமா?

கிளாஸ்கோவிலிருந்து டண்டீ சுமார் 80 மைல், அபர்தீன் 145, இன்வெர்னஸ் 170. டண்டீக்குப் போய் இரவே திரும்பலாம். இன்வெர்னஸ் போவதென்றால் அபர்தீனையும் சேர்த்து இரண்டு இரவாகப் போட்டால்தான் எரிபொருள் காசு கட்டும். ஏ9 சாலையில் டன்பிளேனிலிருந்து இன்வெர்னஸ் வரை சராசரி வேகத்தை அளக்கும் கேமராக்கள் உண்டு. தாமதத்தை வேகத்தில் ஈடுகட்ட நினைக்க வேண்டாம். குளிர்காலத்தில் டிரமொக்டர் கணவாயில் பனியால் சாலை மூடப்படும் நாள்களும் உண்டு. வேன் வாடகை நிறுவனங்கள் பல 23 அல்லது 25 வயதுக்குக் குறைந்தவருக்குத் தருவதில்லை, தந்தாலும் கூடுதல் காப்பீடு கேட்கும். இரவு வேனில் கருவிகளை விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். முதல் மாடிக்குத் தூக்குவது கஷ்டம்தான், தூக்கியே ஆக வேண்டும்.

பெரிய விழாக்களில் இடம் கிடைக்குமா?

கிளாஸ்கோவில் டெனமென்ட் டிரெயில், இன்வெர்னஸ் பக்கம் பெல்லாட்ரம், எடின்பரோவில் இசைத்துறையினர் கூடும் வைட் டேஸ் ஆகியவை புதுக் குழுக்களைத் தேடுபவை. முன்பு டி இன் தி பார்க் விழாவில் டி பிரேக் என்ற மேடை லேபிள் இல்லாத குழுக்களுக்காகவே இருந்தது; 2000-இல் பிஃபி கிளைரோ அங்கே வாசித்த பிறகே பெக்கர்ஸ் பேங்க்வெட் என்ற லேபிள் அவர்களை ஒப்பந்தம் செய்தது. விண்ணப்பங்கள் விழாவுக்கு ஆறேழு மாதம் முன்பே முடிந்துவிடும். தேர்ந்தெடுப்பவர்கள் பார்ப்பது உங்கள் நேரடிக் காணொளியையும் சொந்த ஊர் டிக்கெட் எண்ணிக்கையையும்.

மேடை தருபவர் யாரும் இல்லையென்றால் நீங்களே உருவாக்குங்கள். ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுவினர் கிளாஸ்கோவில் கைவிடப்பட்ட கிடங்கு ஒன்றுக்கு ஷாட்டோ என்று பெயரிட்டு நிகழ்ச்சி நடத்தினார்கள். போலீஸ் வந்ததும் உண்டு, ஆகவே நீங்கள் உரிமமுள்ள இடத்தில் நடத்துங்கள்.

லேபிளோ மேனேஜரோ அணுகினால்?

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். மேனேஜரின் பங்கு வழக்கமாக 20 சதவீதம். அது மொத்த வரவிலா, செலவு போக மிச்சத்திலா என்பதுதான் கேள்வி. வேன், இன்ஜினியர், தங்குமிடம் போன்ற செலவைக் கழித்த பிறகே அவர் பங்கு என்று எழுதவைக்காவிட்டால், நஷ்டத்தில் முடிந்த சுற்றுப்பயணத்துக்கும் நீங்கள் அவருக்குக் கட்டணம் தருவீர்கள். மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினர்களுக்கு ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லும் சேவை இருக்கிறது. ஒரு கோடி பவுண்டு வரை பொதுப் பொறுப்புக் காப்பீடும் உறுப்பினராவதால் கிடைக்கிறது, சில கூடங்கள் அதைக் காட்டச் சொல்லும். சிறிய லேபிள் என்பதற்காக ஒதுக்கவும் வேண்டாம். கிளாஸ்கோவில் மாணவர்கள் நடத்தும் எலெக்ட்ரிக் ஹனி 1996-இல் பெல் அண்ட் செபாஸ்டியனின் முதல் ஆல்பத்தை ஆயிரம் பிரதிகள் வெளியிட்டது. லேபிளே இல்லாமல் வளரவும் முடியும்: பெரிய லேபிள் எதிலும் சேராமல் ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்த ஜெரி சினமன் 2022-இல் ஹாம்டன் பார்க் மைதானத்தில் இரண்டு இரவு பாடினார்.

நண்பர்களுக்குள் எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு?

சண்டை வந்த பிறகு எழுத முடியாது என்பதால். ஒரு பக்கம் போதும். குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் மற்றவர்கள் அதே பெயரில் தொடரலாமா. பாடல்களின் பங்கு எழுதியவருக்கு மட்டுமா, நால்வருக்கும் சமமா. பொதுப்பணத்தில் வாங்கிய ஸ்பீக்கரும் மைக்கும் யாரிடம் போகும். குழுவின் வங்கிக் கணக்கில் யார் யார் கையெழுத்து. சமூக ஊடகக் கடவுச்சொற்கள் குறைந்தது இருவரிடம் இருக்கின்றனவா. மின்னஞ்சல் பட்டியல் யாருடைய தனிக்கணக்கில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். கணக்கு வைத்திருந்தவர் விலகிப்போனதும் மொத்த ரசிகர் பட்டியலும் அவரோடு போய்விடுவதுண்டு. நால்வரும் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஆள் சேர்ந்தால் மறுபடி எழுதுங்கள்.